ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ புதுசு, ப்ராஜெக்ட் பழசு: தூசி படிந்த ஆப் ஒன்றைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் முழு வழிகாட்டி

மாமாவின் ஹார்டுவேர் கடைக்காக 2020 கடைசியில் ஒரு சரக்கு இருப்பு ஆப் எழுதிக் கொடுத்தேன். எந்தச் சரக்கு எத்தனை இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்று காட்டும், அவ்வளவுதான். ப்ளே ஸ்டோரில் ஏற்றிவிட்டு அப்படியே மறந்தும் போனேன். போன மாதம் மாமாவிடமிருந்து அழைப்பு. "மாப்ள, கடைக்குப் புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். அவன் போன்ல தேடினா நம்ம ஆப் வரவே மாட்டேங்குது. என் போன்ல இருக்கே, அது எப்படி?"

தப்பு என்னுடையதுதான். ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று ஓர் எண் இருக்கிறது, டார்கெட் எஸ்டிகே. என் ஆப்பில் அது 30, அதாவது ஆண்ட்ராய்டு 11. 2025 ஆகஸ்ட் 31 முதல் இந்த எண் 34-க்குக் கீழே இருக்கும் ஆப்கள், தாங்கள் குறிவைத்ததைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள போன்களில் புதிய பயனர்களுக்குத் தெரியாது. முன்பே நிறுவியவர்களுக்குத் தொந்தரவு இல்லை. மாமா போனில் இருந்ததும் பையன் போனில் இல்லாததும் இதனால்தான். அதே 2025 விதிப்படி, புதிய பதிப்பு ஏற்ற வேண்டுமென்றால் 34 போதாது, 35 வேண்டும்.

ஓர் எண்ணை மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று உட்கார்ந்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. 35-ஐ வைத்துக் கம்பைல் செய்ய, அதாவது கோடை ஓடக்கூடிய ஆப்பாக மாற்ற, ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.6 வேண்டும். (இனி இதை ஏஜிபி என்றே சொல்கிறேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) ஏஜிபி 8.6-க்கு, ஆப்பைக் கட்டித் தரும் கருவியான கிரேடில் 8.7 வேண்டும். ஏஜிபி 8 வரிசை ஓட, ஜாவா கருவித் தொகுப்பான ஜேடிகே 17 வேண்டும். இவை அனைத்தையும் புரிந்துகொள்ளும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் (ஆப் எழுதும் மென்பொருள்) வேண்டும். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எப்படிக் கழற்றி மாட்டுவது, நடுவில் எங்கே கை சுடும், இத்தனை பாடுபட்டு வந்து சேர்ந்த புதிய ஸ்டுடியோவில் உண்மையில் உருப்படியான வசதிகள் எவை என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஸ்டுடியோ வேறு, ப்ராஜெக்ட் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஸ்டுடியோ அப்டேட் பண்ணினேன், ப்ராஜெக்ட் உடைஞ்சுடுச்சு" என்று பலர் சொல்கிறார்கள். ஸ்டுடியோவைப் புதுப்பிப்பதால் உங்கள் கோடில் ஒரு வரிகூட மாறுவதில்லை. ஸ்டுடியோ, ஏஜிபி, கிரேடில், கோட்லின் (ஆப் எழுதும் மொழி), ஜேடிகே என்று ஐந்து தனித்தனிப் பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிப்பு எண். நடுவில் இருக்கும் மூன்றும் ப்ராஜெக்டுக்குள் எழுதப்பட்டிருக்கும். ஸ்டுடியோ உங்கள் கணினியில் இருக்கும். ஜேடிகே இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும், பெரும்பாலான சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்து பழைய அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் சூடாகாது. பாத்திரம் கெட்டுப்போகவில்லை, அடுப்பிலும் பழுதில்லை. இங்கும் அதே கதைதான்.

நினைவில் வைக்க வேண்டிய ஒரு விதி உண்டு. புதிய ஸ்டுடியோ பழைய ஏஜிபி உள்ள ப்ராஜெக்டைத் திறக்கும். பழைய ஸ்டுடியோ புதிய ஏஜிபியைத் திறக்காது. உதாரணமாக ஹெட்ஜ்ஹாக் பதிப்பு ஏஜிபி 3.2 முதல் 8.2 வரைதான் ஏற்கும், 8.3 உள்ள ப்ராஜெக்டைக் கொடுத்தால் மறுத்துவிடும். ஆகவே முதலில் ஸ்டுடியோவை ஏற்றுங்கள், அப்புறம் ப்ராஜெக்ட். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் எல்லோரும் ஸ்டுடியோவைப் புதுப்பித்த பிறகுதான் ஏஜிபியைத் தொட வேண்டும். இல்லையென்றால் காலையில் கோடை இழுத்தவுடன் பாதிப் பேருக்கு வேலை ஓடாது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4.2 வரை எண்களாக இருந்த பதிப்புகள், 2021 ஜூலையில் ஆர்க்டிக் ஃபாக்ஸ் வந்ததிலிருந்து ஆங்கில அகரவரிசையில் விலங்குப் பெயர்களுக்கு மாறின. பம்பிள்பீ, சிப்மங்க், டால்ஃபின் என்று போய் ஃப்ளமிங்கோ, ஜிராஃப் வழியாக லேடிபக், மீர்கேட், நார்வால் என்று தொடர்ந்தது. பெயரோடு வரும் எண்ணின் முதல் பாதி, எந்த இன்டெலிஜே (ஸ்டுடியோவுக்கு அடிப்படையான மென்பொருள்) பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். 2020.3.1 என்றால் அடியில் இன்டெலிஜே 2020.3. வெளிவந்த ஆண்டு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

தொடங்கும் முன்: கீஸ்டோர் இருக்கிறதா?

கோடின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கிட்டில் கமிட் செய்யுங்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். செய்யுங்கள், தனி பிராஞ்சும் எடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, ஆப்புக்குக் கையெழுத்திடும் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும். நீங்களே கையெழுத்திட்டு ஏற்றிய பழைய ஆப் என்றால், அந்தச் சாவி தொலைந்தால் அதே ஆப்புக்குப் புதிய பதிப்பு ஏற்றவே முடியாது. அந்தச் சாவியைக் கூகுளே வைத்திருக்கும் ப்ளே ஆப் சைனிங்கில் சேர்ந்திருந்தால் அப்லோடு சாவியை மட்டும் மாற்றித் தரக் கேட்கலாம். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கடவுச்சொல் இல்லை என்று கண்டுபிடிப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. என்னுடையது பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில், பால் கணக்குக்குக் கீழே இருந்தது.

அடுத்து கணினி. ஸ்டுடியோவுக்கு மட்டும் 8 ஜிபி ரேம், எமுலேட்டரும் (கணினிக்குள் ஓடும் போலி போன்) சேர்ந்தால் 16 ஜிபி என்பது அதிகாரபூர்வக் கணக்கு. 8 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் எமுலேட்டர் ஆசையை விட்டுவிட்டு நிஜ போனையே பயன்படுத்துங்கள். அதற்கு இப்போது நல்ல வசதி வந்திருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நிறுவுதல்

பழைய ஸ்டுடியோவை உடனே அழிக்காதீர்கள். ஜெட்பிரெயின்ஸ் டூல்பாக்ஸ் வழியாக நிறுவினால் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பழைய ப்ராஜெக்ட் ஏறும் வரை இது பெரிய நிம்மதி. ஸ்டேபிள் சேனலை மட்டும் எடுங்கள். சோதனைப் பதிப்புகள் வரும் கேனரி சேனல் வேண்டாம். கேனரி என்பது சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க எடுத்துப்போன குருவியின் பெயர், அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

முதல் முறை திறக்கும்போது பழைய செட்டிங்ஸைக் கொண்டுவரவா என்று கேட்கும். கொண்டுவரலாம். ஆனால் பழைய ப்ளகின்கள் சில ஒத்துப்போகாமல் திறப்பதே தாமதமானால், புதிதாகவே தொடங்குவது நல்லது. தோற்றம் முழுக்க மாறியிருக்கும், மெனு பட்டியே காணாமல் போனதுபோல் இருக்கும். ஜிராஃபில் வந்த புதிய தோற்றம் அது. இடது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோட்டை அழுத்தினால் மெனு வரும். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

முதல் திறப்பு: எதையும் அழுத்தாதீர்கள்

பழைய ப்ராஜெக்டைத் திறந்ததும் வலது கீழ் மூலையில் "ஏஜிபியைப் புதுப்பிக்கலாமா?" என்று ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நிலையிலேயே ப்ராஜெக்ட் ஒருமுறை ஓடுகிறது என்று உறுதி செய்யாமல் எதையும் மாற்றக் கூடாது. ஓடாத ஒன்றை மாற்றத் தொடங்கினால், வரும் எரர் பழையதா புதியதா என்றே தெரியாது.

அநேகமாக முதல் சிங்க்கே (ஸ்டுடியோ ப்ராஜெக்டின் அமைப்பைப் படித்துக்கொள்வது) தோற்கும். "அன்சப்போர்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65" என்று ஒரு வரி வரும். பயமுறுத்தும் வரி, ஆனால் அர்த்தம் எளிது. அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு கிடைக்கும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11. ஃப்ளமிங்கோவில் ஸ்டுடியோவோடு வரும் ஜாவா 11-லிருந்து 17-க்கு மாறியது, லேடிபக்கில் 21-க்கு. ஆனால் கிரேடில் 7.3-க்குக் கீழே ஜாவா 17-இல் ஓடாது, 8.5-க்குக் கீழே ஜாவா 21-இல் ஓடாது. என் ப்ராஜெக்டில் இருந்ததோ கிரேடில் 6.5.

தீர்வு: செட்டிங்ஸைத் திறந்து "பில்ட், எக்ஸிக்யூஷன், டிப்ளாய்மென்ட்", அதற்குள் "பில்ட் டூல்ஸ்", அதற்குள் "கிரேடில்". அங்கே "கிரேடில் ஜேடிகே" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஜேடிகே 11-ஐத் தேர்ந்தெடுங்கள். கணினியில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியிலேயே "டவுன்லோடு ஜேடிகே" என்று இருக்கும், தனியே எங்கும் தேடிப் போக வேண்டாம்.

அடுத்த எரர், ஏதோ ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று வரும். காரணம், லைப்ரரிகளை இறக்கித் தந்த ஜேசென்டர் தளம். 2021-க்கு முன் எழுதிய ஏறக்குறைய எல்லா ப்ராஜெக்டிலும் அந்தப் பெயர் ரெப்பாசிட்டரி பட்டியலில் இருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு மேவன் சென்ட்ரலைப் போடுங்கள். அங்கே இடம் மாறாத லைப்ரரிகளுக்கு மாற்று தேட வேண்டியிருக்கும். எனக்கு ஒரு சார்ட் லைப்ரரி அப்படிச் சிக்கியது. அது வரைந்த வரைபடத்தை மாமா ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று தெரிந்ததும் அந்தத் திரையையே தூக்கிவிட்டேன். பழைய ஆப்பைப் புதுப்பிப்பதில் இப்படிச் சில சுகங்களும் உண்டு.

இப்போது சிங்க் ஆகும், போனில் ஓடும். கமிட்.

ஏணியில் ஏறுதல்

ஏஜிபி 4.1-இலிருந்து நேராக 8.13-க்குத் தாவ முடியுமா? சிறிய ப்ராஜெக்டில் சில சமயம் முடியும். முடியாதபோது ஒரே நேரத்தில் நாற்பது எரர் வரும், எது எதனால் என்று தெரியாது. நான் முதல் நாள் அப்படித்தான் தாவினேன், இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். நான்கு படிகளாக ஏறினால் ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று எரர்தான்.

4.1-இலிருந்து 4.2, இதற்கு கிரேடில் 6.7.1. அதிலிருந்து 7.4, கிரேடில் 7.5. (நடுவில் 5, 6 எங்கே என்று தேடாதீர்கள். கிரேடில் எண்ணோடு ஒத்துப்போகட்டும் என்று 4.2-க்குப் பிறகு நேராக 7.0 என்று வைத்துவிட்டார்கள்.) அங்கிருந்து 8.0, கிரேடில் 8.0. கடைசியாக 8.13, கிரேடில் 8.13. முதல் இரண்டு படிகளும் ஜேடிகே 11-இல் ஓடும். 8.0-க்குப் போகும் முன் அதே பெட்டியில் 17-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் "டூல்ஸ்" மெனுவில் இருக்கும் "ஏஜிபி அப்கிரேட் அசிஸ்டென்ட்" கருவியைப் பயன்படுத்துங்கள். மேலே எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்று கேட்கும், இருப்பதிலேயே புதியதை அதுவாகவே காட்டும். அதை மாற்றி நம் படியின் எண்ணைக் கொடுங்கள். கீழே கட்டாயம் செய்ய வேண்டியவை, விரும்பினால் செய்யலாம் என்று பிரித்துப் பட்டியல் வரும். "ஷோ யூசேஜஸ்" அழுத்தினால் எந்தக் கோப்பில் எந்த வரி மாறப்போகிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம். கமிட் செய்யாத மாற்றங்கள் இருந்தால் எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையை மதியுங்கள். எந்தக் கிரேடிலை இறக்குவது என்று சொல்லும் கிரேடில் ராப்பர் எண்ணையும் அதுவே மாற்றிவிடும்.

மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராப்பர் கோப்பில் இருக்கும் முகவரி "ஆல்" என்று முடிந்தால் கிரேடிலின் மூலக்கோடும் ஆவணங்களும் சேர்ந்து இறங்கும். அதை "பின்" என்று மாற்றினால் ஓடுவதற்குத் தேவையானது மட்டும் இறங்கும். நான்கு படி ஏறும்போது நான்கு முறை கிரேடில் இறங்குமே, அப்போது வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு படி முடிந்ததும் சிங்க், பில்டு, போனில் ஓட்டிப் பார்த்தல், கமிட். சிங்க் பச்சையாகிவிட்டது என்று அடுத்த படிக்கு ஓடாதீர்கள், பல கோளாறுகள் ஆப் திறக்கும்போதுதான் தெரியும்.

7.4 படியில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

கோட்லினில் எழுதிய பழைய ஆப்களில், திரையில் இருக்கும் பொத்தானை அதன் பெயரைச் சொல்லி நேரடியாகக் கூப்பிடும் வழக்கம் இருந்தது. சிந்தெடிக் இம்போர்ட் என்பார்கள். கோட்லின் ஆண்ட்ராய்டு எக்ஸ்டென்ஷன்ஸ் ப்ளகின் தந்த வசதி. கோட்லின் 1.4.20-இல் கைவிடப்போவதாகச் சொன்னார்கள், 1.8-இல் எடுத்தேவிட்டார்கள். ஆகவே 7.4 படியில் கோட்லினை 1.7 வரை மட்டும் ஏற்றி, அங்கேயே நின்று, எல்லா சிந்தெடிக்கையும் அதற்கு மாற்றான வியூ பைண்டிங்குக்கு மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் 8.0 படியில் மற்ற எரர்களோடு சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

செய்முறை: பில்டு கோப்பில் வியூ பைண்டிங்கை இயக்குங்கள். "ஃபைண்ட் இன் ஃபைல்ஸ்" வைத்து சிந்தெடிக் என்ற சொல்லைத் தேடி எத்தனை கோப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திரையாக மாற்றுங்கள், ஒவ்வொரு திரைக்கும் ஒரு கமிட். இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். அடிக்கோடு போட்டு எழுதிய ஐடி பெயர்கள் பைண்டிங்கில் அடிக்கோடு இல்லாமல், அடுத்த சொல்லின் முதல் எழுத்து பெரியதாக வரும். இன்னொன்று ஃபிராக்மென்ட், அதாவது திரையின் ஒரு பகுதி. அங்கே வியூ அழியும்போது பைண்டிங்கையும் வெற்று மதிப்பு ஆக்க வேண்டும், மறந்தால் நினைவகம் கசியும்.

எனக்கு எட்டுத் திரைகள். மூன்றைக் கையால் மாற்றினேன். மீதி ஐந்துக்கு, ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஏஐ உதவியாளரான ஜெமினியைக் கூப்பிட்டேன். அந்தக் கதை பின்னால்.

8.0: இங்கேதான் உண்மையான மேடு

2023 ஏப்ரலில் ஃப்ளமிங்கோவோடு வந்த ஏஜிபி 8.0, பல விஷயங்களைச் சத்தமில்லாமல் மாற்றியது. பழைய ப்ராஜெக்டுகள் அதிகம் விழுவது இந்தப் படியில்தான்.

ஆப்பின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இருந்த பேக்கேஜ் பெயர் இனி பில்டு கோப்பில் "நேம்ஸ்பேஸ்" என்று இருக்க வேண்டும். அசிஸ்டென்ட் இதை மாற்றித் தரும். பில்ட்கான்ஃபிக் என்ற கிளாஸ் தானாக உருவாகாது, அதைப் பயன்படுத்தியிருந்தால் பில்டு ஃபீச்சர்ஸ் பகுதியில் இயக்க வேண்டும். ஏஐடிஎல் (ஆப்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) பயன்படுத்துபவர்களுக்கும் அதே கதை. ஒரு மாட்யூலின் ஆர் கிளாஸில் (படம், எழுத்து போன்ற ரிசோர்ஸ்களின் ஐடி பட்டியல்) மற்ற லைப்ரரிகளின் ரிசோர்ஸ்கள் இனி சேராது, எந்த லைப்ரரியில் இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஜாவாவில் ஸ்விட்ச் கேஸுக்குள் ரிசோர்ஸ் ஐடியை வைத்திருந்தால் கம்பைல் ஆகாது, இஃப் எல்ஸாக மாற்றுங்கள். ஸ்டுடியோவில் அந்த ஸ்விட்ச் மேல் கர்சரை வைத்து ஆல்ட்+என்டர் அழுத்தினால் அதுவே மாற்றித் தரும்.

ஜாவா ஒரு பதிப்புக்கும் கோட்லின் வேறு பதிப்புக்கும் கம்பைல் ஆகிறது என்று சண்டை போடும் எரரும் இந்தப் படியில் வரும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் அடங்கிவிடும்.

மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் எரர்கள். மோசமானது ஆர்8 ஃபுல் மோட். வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டில் கோடைச் சுருக்கும் கருவி ஆர்8. 8.0-இலிருந்து அது இன்னும் கறாராக, பயன்படாததாகத் தோன்றும் எல்லாவற்றையும் வெட்டும். ஜிசான் போல, ஓடும்போது கிளாஸின் பெயரையும் டைப்பையும் பார்த்து வேலை செய்யும் லைப்ரரிகள் இதில் அடிவாங்கும். டீபக் பில்டில் அழகாக ஓடும். ரிலீஸ் பில்டில் சரக்குப் பட்டியல் வெறுமையாக இருக்கும், அல்லது திறந்தவுடன் சாயும். ஆகவே மினிஃபை (கோடைச் சுருக்கும் அமைப்பு) இயக்கிய ரிலீஸ் பில்டை இந்தப் படியிலேயே போனில் போட்டுப் பாருங்கள். தேவையான கிளாஸ்களுக்கு, வெட்டாதே என்று சொல்லும் கீப் விதிகள் எழுதுங்கள், அல்லது அந்த லைப்ரரியின் புதிய பதிப்புக்குப் போங்கள். ஃபுல் மோடை அணைக்கவும் ஒரு வரி இருக்கிறது. அவசரத்துக்கு அதைப் போட்டாலும் பிறகு எடுத்துவிடுங்கள்.

8.0 தாண்டிவிட்டால் 8.13 வரை சறுக்கிக்கொண்டு போய்விடலாம். கோட்லினை 2.0-க்கோ அதற்கு மேலோ ஏற்றும்போது கம்போஸ் (திரைகளைக் கோட்லினிலேயே எழுதும் முறை) பயன்படுத்துபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 2024 மே மாதம் கோட்லின் 2.0 வந்ததிலிருந்து கம்போஸ் கம்பைலர் கோட்லினோடு சேர்ந்தே வருகிறது. கோட்லின் எந்த எண்ணோ கம்போஸ் கம்பைலர் ப்ளகினுக்கும் அதே எண். எந்தக் கோட்லினுக்கு எந்தக் கம்பைலர் என்று அட்டவணை பார்த்துக்கொண்டிருந்த காலம் போனது. பழைய வரியை நீக்கிவிட்டுப் புதிய ப்ளகினைச் சேர்த்தால் போதும்.

இப்போதுதான் அந்த எண்

30 என்பதை 35 ஆக்குவது ஒரு நொடி. அதன் விளைவுகளைச் சரிசெய்ய "டூல்ஸ்" மெனுவிலேயே "ஆண்ட்ராய்டு எஸ்டிகே அப்கிரேட் அசிஸ்டென்ட்" என்று இன்னொரு கருவி ஜிராஃபில் வந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று சொன்னால், நடுவில் என்னென்ன மாறியது என்று படி படியாகக் காட்டும். உங்கள் கோடைத் தொடாத மாற்றங்களை வடிகட்டவும் முயலும்.

என் ஆப்பைத் தொட்டவை நான்கு. 31-இல், வெளியிலிருந்து திறக்கக்கூடிய திரைகளுக்கு "எக்ஸ்போர்டட்" என்று மேனிஃபெஸ்டில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிறுவவே விடாது. பிறகு செய்யும்படி ஒப்படைக்கும் வேலையான பென்டிங் இன்டென்ட்டுக்கு மாறக்கூடியதா மாறாததா என்று ஃப்ளாக் வேண்டும். 33-இல் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்க வேண்டும். 35-இல் எட்ஜ் டு எட்ஜ்: மேலே கடிகாரம் இருக்கும் பட்டைக்கும் கீழே பின்னே போகும் பட்டைக்கும் அடியில் வரை ஆப்பின் திரை நீண்டுவிடும். இதை நான் அலட்சியமாக விட்டேன். "சேமி" பொத்தான் கீழ்ப்பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. விண்டோ இன்செட்ஸ் (பட்டைகள் பிடிக்கும் இடத்தின் அளவு) படித்து அந்த அளவு இடம் விட வேண்டும். தவிர்ப்பதற்கு ஒரு தீம் வரி உண்டு, ஆனால் 36-ஐக் குறிவைத்தால் அது செல்லாது. இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள்.

இன்னொரு விதி, எல்லோருக்கும் பொருந்தாதது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேல் குறிவைக்கும் ஆப்கள் 16 கேபி நினைவகப் பக்க அளவை ஆதரிக்க வேண்டும். முழுக்கக் கோட்லின், ஜாவா என்றால் கவலை இல்லை. சி, சி++ கோடு உள்ளே இருந்தால்தான். "என்னிடம் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள், பட எடிட்டர், பார்கோடு ஸ்கேனர் போன்ற லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கும். "பில்டு" மெனுவில் "அனலைஸ் ஏபிகே" திறந்து லிப் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்திலேயே அலைன்மென்ட் சரியா என்று காட்டும். சரியில்லாத லைப்ரரியைப் புதுப்பிப்பதுதான் வழி. உங்கள் சொந்த சி++ கோடு என்றால், அதற்கான கருவித் தொகுப்பான என்டிகே ஆர்28-இல் கம்பைல் செய்தால் இயல்பாகவே 16 கேபிக்கு அமையும்.

வந்ததற்கு என்ன கிடைத்தது?

இவ்வளவு தூரம் வந்த பிறகு புதிய ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்ப்போம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, என் கை தினமும் போகும் இடங்கள் மட்டும்.

வைஃபை இணைப்பு. பம்பிள்பீயில் வந்தது. போனில் ஆண்ட்ராய்டு 11 அல்லது மேலே இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "வயர்லெஸ் டீபக்கிங்" இயக்கி, ஸ்டுடியோ காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அசைத்தால் அறுந்துபோகும் யூஎஸ்பி கேபிளோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அதோடு "ரன்னிங் டிவைசஸ்" பலகையைத் திறந்தால் போன் திரை ஸ்டுடியோவுக்குள்ளேயே தெரியும், மவுஸால் தட்டலாம். 8 ஜிபி லேப்டாப்காரர்களுக்கு எமுலேட்டரின் இடத்தை இது நிரப்பிவிடும்.

லாக்கேட், அதாவது போன் எழுதும் பதிவுகளைக் காட்டும் பலகை. டால்ஃபினில் முழுக்கத் திருத்தி எழுதினார்கள். ஃபில்டர் பெட்டியில் கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தினால், என் ஆப் மட்டும், எரர் மட்டும், கடைசி ஐந்து நிமிடம் மட்டும் என்று சேர்த்துச் சேர்த்து வடிகட்டலாம். அடிக்கடி போடும் ஃபில்டரை நட்சத்திரம் குத்திச் சேமிக்கலாம்.

கம்போஸ் ப்ரிவ்யூ. தமிழில் ஆப் செய்பவர்கள் இதை விடக் கூடாது. ப்ரிவ்யூ குறிப்பில் மொழியைத் தமிழ் என்று கொடுத்து, எழுத்து அளவை ஒன்றரை மடங்காக்கி ஒரு ப்ரிவ்யூ வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் "சேவ்" தமிழில் "சேமிக்கவும்" ஆகிப் பொத்தானுக்கு வெளியே வழிவது, போனில் ஓட்டாமலேயே தெரிந்துவிடும். ஐகுவானாவில் வந்த யூஐ செக் ஒருபடி மேலே போய், வெவ்வேறு திரை அளவுகளில் வரைந்து காட்டி, நிற வேறுபாடு போதவில்லை என்பதையும் சுட்டும். லைவ் எடிட் என்பது கோடை மாற்ற மாற்ற போனில் மாறும் வசதி, கம்போஸ் திரைகளுக்கு மட்டும், ஏபிஐ 30 (ஆண்ட்ராய்டு 11) அல்லது அதற்கு மேல். நன்றாக இருக்கிறது, ஆனாலும் நான் ப்ரிவ்யூவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பில்ட் அனலைசர் புதிது அல்ல, 4.0-இலிருந்தே இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. எந்த ப்ளகின் எத்தனை விநாடி தின்கிறது என்று காட்டும். அதிலேயே ஜெட்டிஃபையர் சோதனை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு மாறாத லைப்ரரிகளுக்காக இயக்கி வைத்த ஜெட்டிஃபையர் இன்னும் தேவையா என்று சொல்லும். எனக்குத் தேவையில்லை என்றது, அணைத்தேன்.

ஜெமினி. 2023 மே மாதம் ஸ்டுடியோ பாட் என்று அறிமுகமாகி, அடுத்த ஆண்டு பெயர் மாறியது. 2025-இல் நார்வால் ஃபீச்சர் டிராப்பில் ஏஜென்ட் மோட் சேர்ந்தது. வேலையைச் சொன்னால் பல கோப்புகளில் மாற்றம் செய்து, ஒவ்வொன்றையும் பழையது புதியது என்று காட்டி ஒப்புதல் கேட்கும். அந்த ஐந்து திரைகளை இதனிடம் கொடுத்தபோது "முதல் மூன்று திரைகளில் நான் செய்திருப்பதைப் போலவே செய்" என்று எழுதினேன். கையால் செய்த மாதிரி முன்னால் இருந்ததால் வேலை ஒழுங்காக வந்தது. "வியூ பைண்டிங்குக்கு மாற்று" என்று மொட்டையாகச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். இருந்தும் ஐந்தையும் வரி வரியாகப் படித்துத்தான் ஒப்புக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அலுவலகக் கோடு என்றால் ஜெமினியை இயக்கும் முன் மேலாளரைக் கேளுங்கள். ப்ராஜெக்டின் கோடைச் சூழலாக அனுப்பலாமா என்று ப்ராஜெக்ட் வாரியாக அமைக்க முடியும். சாவிகள், கடவுச்சொற்கள் உள்ள கோப்புகளை மறைக்க, கிட் இக்னோர் போலவே ஏஐ எக்ஸ்க்ளூட் என்ற கோப்பு இருக்கிறது. அதில் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.

ஏற்றுதல், பிறகு துடைத்தல்

ரிலீஸ் பில்டை முதலில் ப்ளே கன்சோலின் இன்டெர்னல் டெஸ்டிங்கில் போடுங்கள். பழைய பதிப்பு இருக்கும் போனிலேயே அதன் மேல் நிறுவிப் பாருங்கள், புத்தம் புது நிறுவல் மட்டும் போதாது. ஐந்து வருடக் கணக்கு டேட்டாபேஸில் இருக்கிறதே, அது பத்திரமாக வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மாமா போனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு ஸ்டேஜ்டு ரோல்அவுட்டில் முதலில் ஒரு சிறு சதவீதம், நான்கைந்து நாள் கழித்து முழுவதும்.

எல்லாம் ஓடிய பிறகு பழைய ஸ்டுடியோவை நீக்குங்கள். அதன் கேஷும் செட்டிங்ஸும் டிஸ்கில் அப்படியே கிடக்கும். "ஹெல்ப்" மெனுவில் "டிலீட் லெஃப்ட்ஓவர் ஐடிஇ டைரக்டரீஸ்" என்று ஒன்று இருக்கிறது, அழுத்தினால் எந்தெந்தப் பதிப்பின் மிச்சம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியலிட்டு அழித்துத் தரும். அப்புறம் எஸ்டிகே மேனேஜரைத் திறந்து பழைய எமுலேட்டர் இமேஜ்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். என் லேப்டாப்பில் 2020-இல் இறக்கிய ஆண்ட்ராய்டு 11 இமேஜ் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.